மலைகளை நேசித்த பாப்பரசர் 11ஆம் பத்திநாதர்

மலைகளை நேசித்த பாப்பரசர் என்றதும் புனித 2ஆம் அருளப்பர் சின்னப்பரே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவார். இளம் குருவானவராக இருந்த காலத்தில் போலந்து நாட்டு மலைப்பாதைகளில் மாணவரை அழைத்துச் சென்றவர் அவர். ஆயினும், அவர் பேதுருவின் ஆசனத்தில் அமர்வதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே, ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரங்களில் கால் பதித்த மலையேறி ஒருவர் அதே ஆசனத்தில் அமர்ந்திருந்தார். 1922 தொடக்கம் 1939 வரை திருச்சபையை வழிநடத்திய 11ஆம் பத்திநாதரே அவர்.

கிறிஸ்து அரசர் திருநாளை ஏற்படுத்தியவர், குழந்தை இயேசுவின் தெரேசம்மாளுக்குப் புனிதர் பட்டம் அளித்தவர் என்று இப்பாப்பரசரை நாம் அறிவோம். இவ்விரண்டும் 1925ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை. மலைச்சரிவுகளிலும் ஏரிக்கரைகளிலும் இளமையில் அவர் கற்றுக்கொண்ட பாடங்கள், முதுமையில் திருச்சபையின் பாரத்தைச் சுமந்தபோது அவருக்கு எவ்வாறு கைகொடுத்தன என்பதை அறிந்தவர்கள் சிலரே.

ஏரிகளின் நாட்டில் ஒரு சிறுவன்

இத்தாலியின் வடபகுதியில், மிலான் நகருக்கு அண்மையிலுள்ள தேசியோ என்னும் சிற்றூரில் 1857ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி அக்கிலே ராத்தி பிறந்தார். தந்தை பிரான்சிஸ் பட்டு ஆலை ஒன்றின் நிர்வாகி. தாய் தெரேசா உறுதியான உள்ளமும் பக்தியும் கொண்ட இல்லத்தரசி. பெரும் செல்வமுமில்லை, வறுமையுமில்லை. உழைப்பும் செபமும் ஒழுங்காக நடந்த குடும்பம் அது.

சிறுவனின் சிறிய தகப்பனார் தமியான் ராத்தி அடிகளார் அசோ என்னும் ஊரில் பங்குக் குருவாக இருந்தார். விடுமுறை வந்தால் சிறுவன் அங்கே போய்விடுவான். அசோ இருக்கும் இடத்தை வாசகர்கள் மனக்கண்ணில் காண வேண்டும். கோமோ ஏரி தலைகீழாகக் கவிழ்த்த கவண் போன்றது. தெற்கே அது இரண்டு கைகளாகப் பிரிகிறது. அந்த இரு கைகளுக்கும் நடுவே எழுந்து நிற்கும் மலைநாட்டில்தான் அசோ உள்ளது. ஊரைவிட்டுச் சிறிது ஏறினால் போதும், கீழே நீல நீர்ப்பரப்பும், வடக்கே வெண்பனி மூடிய ஆல்ப்ஸ் மலைத்தொடரும் தெரியும்.

இந்த ஏரிகளை உண்டாக்கியவை பனியாறுகள். பன்னெடுங்காலத்துக்கு முன்னர் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கிய மாபெரும் பனிக்கட்டி ஆறுகள் பள்ளத்தாக்குகளை ஆழமாகக் குடைந்தன. தாம் உருட்டிவந்த கல்லையும் மண்ணையும் வாயிலில் அணைபோல் குவித்துவிட்டு உருகி மறைந்தன. அவை விட்டுச் சென்ற குழிகளில் நீர் நிறைந்தது. கோமோ ஏரி 400 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. படைத்தவரின் பொறுமையான கைவேலையைப் புத்தகத்தில் படிக்குமுன்னரே கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளை அக்கிலே.

காலையில் பூசைக்கு உதவி செய்வதும், பின்னர் மலைப்பாதையில் நடப்பதும், மாலையில் களைத்துத் திரும்பிச் செபமாலையில் சேர்வதும் ஒரு குருவின் வீட்டில் விடுமுறையைக் கழிக்கும் பிள்ளைக்கு இயல்பான வாழ்க்கை. மலைமீதிருந்த பற்றும் குருத்துவத்தின்மீதிருந்த விருப்பமும் அவர் உள்ளத்தில் ஒருங்கே வேரூன்றின. பத்து வயதில் குருமடம் புகுந்தார். 1879ஆம் ஆண்டு மார்கழி மாதம் 20ஆம் திகதி உரோமாபுரியில் குருவாக அபிஷேகம் பெற்றார். அங்கேயே மூன்று கலாநிதிப் பட்டங்களையும் பெற்று மிலானுக்குத் திரும்பினார்.

நூலகமும் மலையும்

சில ஆண்டுகள் குருமடத்தில் பேராசிரியராக இருந்தபின், 1888இல் மிலானிலுள்ள புகழ்பெற்ற அம்புரோசியன் நூலகத்தில் பணியேற்றார். பழைய ஏட்டுச் சுவடிகளை ஆராய்வது, பிழை திருத்துவது, அறிஞர்களின் வினாக்களுக்கு விடையளிப்பது என்று அங்கே ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைத்தார். அவரது நாள் புத்தகத்தோடு முடிந்துவிடவில்லை. கன்னியர் மடமொன்றில் ஆன்ம குருவாக இருந்து, மிலான் நகரில் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்து பிழைத்த ஏழைச் சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். குளிர்காலத்தில் மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பிள்ளைகள் அவர்கள். முகமெல்லாம் கரி படிந்த அப்பிள்ளைகளை முதல் நற்கருணைக்கு ஆயத்தப்படுத்திய குரு, அவர்களுடைய மலைகளையும் நன்கு அறிந்தவர்.

கோடை விடுமுறை வந்ததும் அவர் மலைக்குப் புறப்படுவார். 1888ஆம் ஆண்டளவில் இத்தாலிய மலையேறுவோர் கழகத்தின் மிலான் கிளையில் சேர்ந்தார். கோமோ ஏரியின் கிழக்குக் கரையோரமாக எழும் கிரிஞ்ஞா மலை அவருக்குப் பழகிய இடம். 2,400 மீற்றர் உயரமான அதன் உச்சியில் நின்றால், ஒரு புறம் ஏரியும் மறு புறம் பனிச் சிகரங்களும் தெரியும். ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடிய இத்தகைய நடைகளில்தான் அவருடைய கால்களும் நுரையீரலும் உரம் பெற்றன. அளவாக நடப்பது, மூச்சிரைக்காமல் ஏறுவது, வானத்தைப் பார்த்துக் காலநிலையை அறிவது, நேரத்தைக் கணக்கிட்டுத் திரும்புவது ஆகிய யாவும் இச்சிறு நடைகளில் கற்றுக்கொள்ளப்படுகின்றன. பெரிய சிகரங்கள் பின்னரே வந்தன.

பனி மலைகளில் பயணம் நள்ளிரவிலேயே தொடங்கும். இரவின் குளிரில் பனி இறுகியிருக்கும். கற்களும் உறைந்து நிற்கும். சூரியன் ஏறியதும் பனி இளகும். உறைவினால் பிடித்திருந்த கற்கள் விடுபட்டு உருளும். பனிச்சரிவுகள் பெயர்ந்து விழும். ஆகவே ஆபத்தான இடங்களை வெயில் படுமுன்னர் கடந்துவிட வேண்டும். நால்வரும் ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டிருப்பர். ஒருவர் வழுக்கினால் மற்றவர்கள் தாங்க வேண்டும். முன்னே செல்பவர் கோடரியால் பனியில் படி வெட்ட, பின்னே வருபவர் அதே படியில் கால் வைப்பார்.

பாறை விளிம்பில் ஓர் இரவு

1889ஆம் ஆண்டு ஆடி மாத இறுதியில், 32 வயதான ராத்தி அடிகளார் தமது வாழ்வின் மிகப் பெரிய மலைப் பயணத்தை மேற்கொண்டார். இத்தாலிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இடையேயுள்ள ரோசா மலையின் கிழக்கு முகமே அவர் தெரிந்தெடுத்த பாதை. மக்குஞ்ஞாகா என்னும் கிராமத்துக்கு மேலே ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாய் எழும் பனியும் பாறையும் கொண்ட சுவர் அது. ஆல்ப்ஸ் மலையிலேயே மிகப் பெரிய மலைமுகம் என்று பெயர் பெற்றது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1881இல், தமியான் மரினெல்லி என்னும் இத்தாலியரும் அவருடைய வழிகாட்டிகள் இருவரும் அங்கே பனிச்சரிவில் அகப்பட்டு உயிரிழந்திருந்தனர்.

ராத்தி அடிகளாருடன் அவரது நண்பரான லூயிஜி கிரசெல்லி அடிகளாரும், யோசேப்பு கதின், அலெக்சாந்தர் கொரெத்தா என்னும் வழிகாட்டிகளும் சென்றனர். இறந்துபோன மரினெல்லியின் பெயரைத் தாங்கிய மலைக்குடிலில் தங்கி, நள்ளிரவு கடந்ததும் புறப்பட்டனர். மறுநாள் முழுவதும் ஏறினர். எதிர்பார்த்ததைவிடப் பனி இடர் தந்தது. 4,634 மீற்றர் உயரமான தூபூர் சிகரத்தின் உச்சிப் பகுதியை அவர்கள் அடைந்தபோது பொழுது சாயும் வேளையாகிவிட்டது.

இருட்டில் இறங்குவது சாவை அழைப்பதாகும். ஆகவே உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒடுங்கிய பாறை விளிம்பொன்றில் நால்வரும் இரவைக் கழிக்கத் தீர்மானித்தனர். கூடாரமில்லை, நெருப்பில்லை. காலடியில் பெரும் பாதாளம். கடுங்குளிரில் கண்ணயர்ந்தால் மீண்டும் எழுவது நிச்சயமில்லை. எனவே ஒருவரையொருவர் பேச்சினால் விழிக்கச் செய்தும், கால்களை நிலத்தில் உதைத்தும் விடியலுக்காகக் காத்திருந்தனர். தலைக்கு மேலே, சமவெளியில் காணக் கிடைக்காத தெளிவோடு விண்மீன்கள் நிறைந்திருந்தன. அந்த அமைதியில், அந்த உயரத்தில், படைத்தவரின் பேராற்றல் எவ்வளவு அண்மையில் இருப்பதாகத் தோன்றியது என்பதைப் பின்னர் மலையேறுவோர் கழகத்தின் ஏட்டில் அவர் விரிவாக எழுதினார்.

காலையில் ஞாயிறு எழுந்ததும் சிகரத்தை மிதித்து, அதற்கும் சும்ஸ்ரைன் சிகரத்துக்கும் இடையேயுள்ள கணவாயூடாகச் சுவிற்சர்லாந்துப் பக்கம் இறங்கினர். இத்தாலியிலிருந்து அக்கணவாயை அவ்வாறு கடந்தவர்கள் அதற்கு முன்னர் எவருமில்லை. சேர்மாற் நகரை நால்வரும் உயிரோடும் உடல் நலத்தோடும் சென்றடைந்தனர். சில நாட்களில் மாற்றர்ஹோர்ன் சிகரத்திலும் ஏறினர். அடுத்த ஆண்டில், 4,800 மீற்றருக்கும் மேற்பட்ட மொன்பிளாங் மலையில் ஏறி, இத்தாலியப் பக்கமாகப் புதிய வழியொன்றில் இறங்கினர். இத்தாலியிலிருந்து மொன்பிளாங் ஏறுவோரின் வழமையான பாதையாக அது பின்னர் அமைந்தது. பாப்பரசரின் பாதை என்றும் அதை அழைப்பர்.

இவ்வளவு செய்தும் அவர் துணிச்சலைப் புகழ்ந்தவரல்லர். மலையேறுவது வெறும் சாகசமாகிவிடக் கூடாது என்பதும், முன்மதியும் சிறிது துணிவும் இயற்கையின் அழகை உணரும் உள்ளமும் ஒன்றுசேர வேண்டும் என்பதும் அவருடைய நிலைப்பாடு. தேர்ந்த வழிகாட்டிகள் இல்லாமல் அவர் பெரிய மலைகளில் ஏறவில்லை. நன்கு சோதித்துப் பாராமல் அடியெடுத்து வைப்பதில்லை. வைத்த அடியைக் காரணமின்றிப் பின்வாங்குவதுமில்லை. மலை அவருக்குக் கற்பித்த ஒழுக்கம் இதுதான்.

வார்சோவில் நின்ற தூதுவர்

இவ்வொழுக்கம் மலைக்கு வெளியே சோதிக்கப்படும் நாளும் வந்தது. உரோமாபுரிக்கு அழைக்கப்பட்டு வத்திக்கான் நூலகத்தின் தலைவரான அவரை, 1918இல் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் போலந்துக்கு அனுப்பினார். நூற்றாண்டுக்கு மேலாக அடிமைப்பட்டுக் கிடந்த அந்நாடு அவ்வாண்டின் இறுதியில் விடுதலை பெற்றது. 1919இல் அவர் பாப்பரசரின் தூதுவராக உயர்த்தப்பட்டு, வார்சோ நகரில் ஆயராக அபிஷேகம் பெற்றார்.

1920ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் செம்படை வார்சோவின் எல்லையை நெருங்கியது. வெளிநாட்டுத் தூதுவர்களில் பெரும்பாலோர் நகரைவிட்டு வெளியேறினர். ராத்தி ஆண்டகை வெளியேறவில்லை. மக்கள் ஆலயங்களில் கூடி அழுது மன்றாடிக்கொண்டிருந்த வேளையில், பாப்பரசரின் தூதுவர் தம் நடுவே இருக்கிறார் என்பது அவர்களுக்குப் பெரும் ஆறுதலாயிற்று. தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளையொட்டிய நாட்களில் போரின் போக்கு மாறியது. பகைவர் படை பின்வாங்கியது. ரோசா மலையின் பாறை விளிம்பில் விடியலுக்காகக் காத்து நின்றவருக்கு, நின்ற இடத்தில் நிற்பது புதியதன்று.

மதில்களுக்குள் ஏழு ஆண்டுகள்

1921இல் மிலான் அதிமேற்றிராணியாராகவும் கர்தினாலாகவும் உயர்த்தப்பட்ட அவர், அடுத்த ஆண்டு மாசி மாதம் 6ஆம் திகதி பாப்பரசராகத் தெரிவு செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 64.

அத்தெரிவு ஒரு மலையேறிக்கு எத்தகைய தியாகத்தைக் கேட்டது என்பதைச் சிந்திக்க வேண்டும். 1870இல் இத்தாலிய அரசு உரோமாபுரியைக் கைப்பற்றிய நாள்முதல் பாப்பரசர்கள் வத்திக்கானை விட்டு வெளியேறவில்லை. திறந்த வானத்தையும் பரந்த மலைவெளியையும் நேசித்தவர், அன்றுமுதல் ஒரு சிறு தோட்டத்தின் மதில்களுக்குள்ளேயே நடக்க வேண்டியவரானார். தெரிவான நாளில் அவர் ஒரு காரியம் செய்தார். 1870இன் பின்னர் எந்தப் பாப்பரசரும் செய்யாதபடி, பேதுரு பேராலயத்தின் வெளிமுகப்பில் தோன்றி, சதுக்கத்தில் நின்ற மக்களுக்கும் உலகனைத்துக்கும் ஆசீர் வழங்கினார். இனி சமாதானத்தின் பாதையில் முதலடி வைக்கப்படும் என்பதற்கு அது அடையாளமாயிற்று.

அப்பாதையில் அவர் ஏழு ஆண்டுகள் நடந்தார். பேச்சுவார்த்தைகள் பல முறை தடைப்பட்டன. 1929ஆம் ஆண்டு மாசி மாதம் 11ஆம் திகதி இலாத்தரன் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, வத்திக்கான் தனி நாடாயிற்று. அவ்வாண்டு ஆடி மாதம் 25ஆம் திகதி திவ்விய நற்கருணையை ஏந்திப் பவனியாகப் பேதுரு சதுக்கத்துக்கு வந்தார். ஏறத்தாழ 59 ஆண்டுகளின் பின் பாப்பரசர் ஒருவர் வெளியே வந்த நாள் அது.

ஆல்ப்ஸ் மலைக்கு அவர் பின்னர் ஒருபோதும் திரும்பவில்லை. எனினும் மலைவாழ் மக்களையும் மலைப்பயணிகளையும் மறக்கவில்லை. பெரிய சென் பேர்னாட் கணவாயில், ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் சிறிய ஏரியின் கரையில், 11ஆம் நூற்றாண்டில் பயணிகளுக்கான விடுதியை அமைத்த புனித பேர்னாட்டை, 1923இல் ஆல்ப்ஸ் வாழ் மக்களுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். பனிப்புயலில் வழி தவறியவர்களைத் தேடிச் சென்று காப்பாற்றிய துறவியரின் இல்லம் அது. மலையேறுவோரின் கயிறு, கோல், கோடரி முதலியவற்றை மந்திரிக்கும் செபமும் அவருடைய காலத்தில் 1931இல் அங்கீகரிக்கப்பட்டது.

எங்கள் மண்ணுக்குச் செய்தவை

தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் இவருக்கு நன்றி செலுத்தக் காரணமுண்டு. மறைபரப்பு நாடுகளின் திருச்சபை அந்தந்த நாட்டு மக்களின் கையிலேயே வளர வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டத்தை நிறுவி, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையை அதன் ஆயராக நியமித்தார். அண்மைக் கால வரலாற்றில் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த முதல் இந்திய ஆயர் ஒரு தமிழரே. 1926இல் சீனக் குருக்கள் அறுவரைத் தாமே பேதுரு பேராலயத்தில் ஆயர்களாக அபிஷேகம் செய்தார்.

அதே 1926இல் வெளியிட்ட மறைபரப்புச் சுற்றுமடலில், மறைபரப்பு நாடுகளில் தியான வாழ்வுத் துறவற மடங்கள் எழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில், 1928இல், யாழ்ப்பாணத்தின் தோலகட்டியில் தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். அந்த ஆச்சிரமத்தின் தவமும் செபமும் எத்தனை குடும்பங்களைத் தாங்கின என்பதை நம் மக்கள் அறிவர்.

இறுதி ஏற்றம்

ஒப்பந்தத்தின் பின், உரோமாபுரிக்கு வெளியே அல்பானோ ஏரியின் மேலுள்ள கஸ்தெல் கந்தோல்போ மாளிகையைத் திருத்தியமைத்து, கோடைகாலத்தில் அங்கே தங்கலானார். எரிமலை வாயில் நீர் நிரம்பியதால் உண்டான ஏரி அது. கோமோ ஏரிக்கரையில் தொடங்கிய வாழ்வு, மற்றோர் ஏரிக்கரையில் தன் மாலைப் பொழுதைக் கண்டது.

ஆனால் அந்த மாலை அமைதியானதன்று. ஜேர்மனியில் ஹிற்லரின் ஆட்சி திருச்சபையை நசுக்கத் தொடங்கியபோது, 1937இல் ஜேர்மன் மொழியிலேயே ஒரு சுற்றுமடல் எழுதினார். இரகசியமாக அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட அம்மடல், குருத்து ஞாயிறன்று ஆலயங்கள்தோறும் வாசிக்கப்பட்டது. இனத்தையும் அரசையும் கடவுளின் இடத்தில் வைத்து வணங்குவதை அது வெளிப்படையாகக் கண்டித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ஹிற்லர் உரோமாபுரிக்கு வந்தபோது, பாப்பரசர் வத்திக்கான் அரும்பொருட் காட்சிச்சாலைகளை மூடச் செய்து, கஸ்தெல் கந்தோல்போவுக்குப் போய்விட்டார். கிறிஸ்துவின் சிலுவையல்லாத வேறொரு சிலுவை திருநகரில் உயர்த்தப்படுவதைக் குறித்துத் தமது துயரத்தையும் வெளியிட்டார். அப்போது அவர் எண்பது கடந்த நோயாளி. ஆயினும் சறுக்கும் பனியில் எங்கே கால் ஊன்ற வேண்டும் என்பதை அவர் மறந்துவிடவில்லை.

1939ஆம் ஆண்டு மாசி மாதம் 10ஆம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். இலாத்தரன் ஒப்பந்தத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நாளே இருந்தது. அவருடைய கல்லறைக்காகப் பேதுரு பேராலயத்தின் நிலவறையை ஆழப்படுத்தியபோது, அடியில் பழங்கால இடுகாடொன்று வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து நடந்த அகழ்வாய்வே புனித பேதுருவின் கல்லறையை நோக்கி இட்டுச் சென்றது. சிகரங்களில் ஏறியவருக்குத் தோண்டிய குழி, திருச்சபை கட்டப்பட்ட பாறைக்கு வழிகாட்டியது.

பெற்றோரே, ஒரு பங்குக் குருவின் வீட்டில் கழிந்த பள்ளி விடுமுறைகளே இந்த வாழ்வுக்கு விதையாயின. நம் பிள்ளைகளின் விடுமுறைகள் எங்கே, எவரோடு கழிகின்றன என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பூசை கண்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பெரியவர் ஒருவரின் துணையோடு ஒரு நாள் நடந்து வருவதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. களைப்பைத் தாங்கவும், கூட வருபவனுக்காகக் காத்து நிற்கவும், படைத்தவரைப் போற்றவும் பிள்ளை அந்த ஒரு நாளில் கற்றுக்கொள்ளும். அதை எங்கே, எதற்காகப் பயன்படுத்துவது என்பதை ஆண்டவர் தமது நேரத்தில் காட்டுவார்.